சைசா பிளஸ் (CySA+) சைபர் பாதுகாப்புத் தேர்வு எழுதப் போறீங்களா? பேட்ச் போட்டதும் பேனாவை மூடிடாதீங்க
பாஸ் மார்க் 750ஐத் தாண்டியாச்சு, நிம்மதி. வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் அடுத்து உட்காரப் போற தம்பி தங்கச்சிங்களுக்காக இது. கேள்விகளை வெளியே சொல்லக் கூடாதுன்னு ஒத்துக்கிட்டுத்தான் எழுதறோம், அதனால தயாரிப்பு மட்டும்.

கசிஞ்ச கேள்வி-விடையைத் தொகுத்த டம்ப் பிடிஎஃப்களை ஓரங்கட்டுங்க. ஒரே ஒரு ஓட்டையை அடிவரைக்கும் நோண்டுங்க: சிட்ரிக்ஸ் பிளீட், ஓட்டைப் பட்டியல்ல சி.வி.ஈ. 2023-4966, தீவிர மதிப்பு 10க்கு 9.4. சிட்ரிக்ஸோட நெட்ஸ்கேலர் பெட்டியை, வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர்ற கேட்வேயாவோ லாகின் சரிபார்க்கிற ஏஏஏ சர்வராவோ வெச்சிருந்தா மாட்டும்.

அந்தப் பெட்டியில, லாகின் கேட்காத ஓப்பன்ஐடி (லாகின் அமைப்பு விவரம் சொல்ற) முகவரி ஒண்ணு. கோரிக்கையோட ஹோஸ்ட் ஹெடர்ல (எந்த சர்வர்னு சொல்ற வரி) வர்ற பெயரைப் பல இடத்துல சொருகி, 1,31,072 பைட் பஃபர்ல (தற்காலிக மெமரி இடம்) எஸ்என்பிரிண்ட்எஃப்ங்கிற ஃபங்ஷன் பதிலை எழுதும். பஃபரைத் தாண்டி எழுதாது, சரி. ஆனா அது திருப்பித் தர்றது எழுதின அளவை இல்ல. இடம் இருந்திருந்தா எவ்வளவு எழுதியிருக்குமோ அதை. அதையே நீளம்னு நம்பி கோட் அனுப்பிடுச்சு. ஹெடரை 24,000 எழுத்துக்கு மேல நீட்டினா பக்கத்து மெமரியும் வெளியே வரும், உள்ளே இருக்கிறவங்க செஷன் குக்கியோட (லாகின் ஆனவர்னு காட்டற சீட்டு).

இது ரீட், மெமரியைப் படிக்கிற ஓட்டை. ஃபோர்ட்டிநெட் ஃபயர்வால்ல ஓடற ஃபோர்ட்டிஓஎஸ்ல 2024ல வந்த சி.வி.ஈ. 2024-21762 ரைட், மெமரியில எழுதற ஓட்டை, அங்கே எதிராளி கோடே ஓடும். ரெண்டையும் குழப்பினா அடுத்த விடை எல்லாம் தப்பு.

குக்கி போனா ஓடிபி காப்பாத்தாது, அந்தக் கட்டம் ஏற்கெனவே தாண்டியாச்சு. ஓட்டையை அடைக்கிற பேட்சும் காப்பாத்தாது. துறைமுகத்துல ஜீரோ கேட் பூட்டை மாத்தினாலும் ஏற்கெனவே கொடுத்த பாஸ் செல்லுமே, அப்படி. மனப்பாடம் பண்ண வேண்டியது வரிசைதான்:

- பெட்டி விஎம்னா (மெய்நிகர் இயந்திரம்) மெமரியோட ஸ்னாப்ஷாட் எடுங்க. ரீபூட் ஆனா ஆதாரம் போச்சு.
- பேட்ச் உள்ள பதிப்பு: 14.1-8.50, 13.1-49.15, 13.0-92.19. சாதா 12.1க்குக் கிடையாது, பதிப்பையே மாத்தணும்.
- ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கற ஹெச்ஏ ஜோடின்னா ரெண்டு பெட்டிக்கும்.
- அப்புறம்தான் திறந்திருக்கிற செஷனை எல்லாம் முடிக்கிற கட்டளைகள்: 'கில் ஏஏஏ செஷன் -ஆல்', 'கில் ஐசிஏகனெக்‌ஷன் -ஆல்'. முன்னாடியே அடிச்சா புது குக்கியும் கசியும்.

லாக் தேடறதுல ரெண்டு குழி. பேட்ச் வந்தது 2023 அக்டோபர் 10. தாக்குதல் ஆகஸ்ட் கடைசியிலேயே ஆரம்பம். அக்டோபர்ல இருந்து தேடினா பாதி போச்சு. அடுத்தது, அந்த ஓப்பன்ஐடி முகவரிக்கு வந்த கோரிக்கையைப் பெட்டியோட வெப் சர்வர் பதியவே இல்ல. லாக்ல இல்லைங்கிறதுக்காக நடக்கலைன்னு எழுதாதீங்க.

ஒரே செஷன், ரெண்டு ஐபி: சந்தேகம் மட்டும்தான். வீட்டு வைஃபையில இருந்தவர் தண்டையார்பேட்டையில மெட்ரோ ஏறி மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் அப்படித்தான் தெரியும். பிரவுசர் விவரமும் நெட்வொர்க் நிறுவனமும் சேர்ந்து மாறியிருக்கான்னு பாருங்க.

ஃப்ளாஷ் கார்டு பிரியர்கள் கோபப்படலாம், எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. இது புரிஞ்சதும் 2025 ஜூன்ல வந்த சி.வி.ஈ. 2025-5777ஐ எடுத்து, குறிப்பைப் பார்க்காம இதே வரிசையில வெள்ளைத்தாள்ல எழுதிப் பாருங்க. அதுவும் ரீட்தான், அதே நெட்ஸ்கேலர்தான்.