அந்தத் திருகைச் சும்மா திறந்து விடாதீர்கள்

லேப்ராஸ்கோபியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனில், பித்தப்பை எடுக்க வேண்டுமென்றால் முதலில் கார்பன் டை ஆக்சைடு விட்டு வயிற்றை உப்ப வைக்க வேண்டும், வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தம். அதற்குள்தான் காட்டரி, அதாவது மின்சாரச் சூட்டுக் கருவி, வைத்துச் சுடுகிறோம். புகை சேரச் சேர மானிட்டரில் படம் மங்கும், உடனே டாக்டர் "சிஸ்டர், கொஞ்சம் திறந்து விடுங்க" என்பார். கருவிகள் நுழைய வயிற்றுத் துளையில் செருகியிருக்கும் குழாயான போர்ட்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பினால் உஸ்ஸென்று சத்தம், கருகிய நாற்றம், நேராக என் முகத்துக்கு. பல வருஷம் இதை யோசிக்காமலே செய்திருக்கிறேன்.

2020 மார்ச்சில், கொரோனா பயத்தில், லேப்ராஸ்கோபியைப் பொதுவாகத் தவிர்க்கும்படி பிரிட்டனின் அறுவை சிகிச்சைக் கல்லூரிகள் சொன்னபோதுதான் தேடிப் படித்தேன். கொரியாவில் 2016இல் வெளியான ஆய்வில், ஹெபடைடிஸ் பி இருந்த 11 நோயாளிகளில் 10 பேரின் லேப்ராஸ்கோபி புகையில் அந்த வைரஸின் டி.என்.ஏ. இருந்திருக்கிறது. டி.என்.ஏ. இருந்தால் நோய் தொற்றிவிடும் என்று அர்த்தமில்லை, சரி. ஆனால் காட்டரி புகைத் துகளின் சராசரி அளவே 0.07 மைக்ரான்தான், ஓரமெல்லாம் இடைவெளி விடும் சர்ஜிகல் மாஸ்க் அதற்கு எம்மாத்திரம்?

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இந்தப் புகையை வடிகட்ட ஃபில்டர் கேட்டால் "எக்ஸ்ட்ரா செலவு" என்றார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம், தரை துடைக்க வரும் அக்காவுக்கு அந்த மாஸ்க்கூட ஒழுங்காகக் கொடுத்ததில்லை, அவரும் அதே காற்றைத்தானே சுவாசித்தார்.

புகையை உறிஞ்சி வடிகட்டும் பெரிய மெஷின் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. போர்ட்டின் திருகில் ஸ்டெரைல் டியூப் ஒன்றை மாட்டி, மறுமுனையில் மயக்க மருந்து டாக்டர்கள் வென்டிலேட்டர் குழாயில் போடும் வைரஸ் ஃபில்டர், அதற்குப் பின்னால் காற்றை உறிஞ்சும் சக்‌ஷன். அவ்வளவுதான். துளையைப் போர்ட் இறுக்கமாக உட்காரும் அளவுக்கே போடச் சொல்லுங்கள், அழுத்தத்தையும் முடிந்தவரை குறைக்கச் சொல்லுங்கள். அப்புறம் முக்கியமானது கடைசிக் கட்டம்: பித்தப்பையை வெளியே எடுப்பதற்கு முன்பும் போர்ட்டுகளை உருவுவதற்கு முன்பும் உள்ளே இருக்கும் வாயு முழுவதும் ஃபில்டர் வழியாகவே போக வேண்டும். எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கும் நேரம் அது, அங்கேதான் கோட்டை விடுகிறோம். டாக்டர் போர்ட்டில் கை வைத்தால் "ஒரு நிமிஷம் சார், காஸ் போகட்டும்" என்று நான் சொல்லிவிடுவேன், இதுவரை யாரும் கோபித்ததில்லை.

நாளை லிஸ்டில் மூன்று பித்தப்பை. மூன்று ஃபில்டரை ட்ராலியில் எடுத்து வைத்துவிட்டுத்தான் இன்று கிளம்பினேன்.