பென்சிலுக்கு முன் தோள்

2025 ஒக்டோபர் 3, வெள்ளி

நேற்று விஜயதசமி. பிள்ளைகளின் கையும் உடலும் எழுத்துக்குத் தயாரா என்று பார்க்க நான் போய்வரும் கொழும்பு வெள்ளவத்தை முன்பள்ளிக்கு இன்று பல பிள்ளைகள் புதுக் கொப்பியோடு வந்தார்கள். ஐயர் விரலைப் பிடித்துத் தட்டு அரிசியில் ‘அ’ எழுதுவித்த கதையை முந்தியடித்துச் சொன்னார்கள். அரிசியில் விரலால் எழுதுவது எனக்கு மிகவும் பிடித்த முறை. எழுத்தின் வளைவைத் தோலே உணர்ந்துகொள்ளும். அடுத்த நாளே பென்சிலைக் கொடுத்துப் பக்கத்தை நிரப்பச் சொல்வதுதான் கவலை.

ஒக்டோபர் 7, செவ்வாய்

நாலு வயதுப் பையன் ஒருவன் கொப்பியைக் கண்டாலே மேசைக்கடியில் போய்விடுகிறான். “சோம்பல், மிஸ்” என்றார் டீச்சர். பக்கத்தில் இருந்து பார்த்தேன். கதிரை உயரம், கால்கள் தொங்குகின்றன. விழாமல் இருக்க இடது கையால் மேசையைப் பிடித்திருக்கிறான். கொப்பியை யார் பிடிப்பது? வலது கை பென்சிலை முஷ்டியாய் இறுக்க, முழுக் கையும் சேர்ந்து அசைகிறது. இது சோம்பல் இல்லை, பாவம், பெரும் உழைப்பு.

பழைய டெலிபோன் டிரெக்டரிகளை டேப் சுற்றிக் காலடியில் வைத்தேன். அப்புறம் சுவரில் அவன் கண் மட்டத்தில் கடதாசி ஒட்டி, சின்னதாய் உடைத்த சோக்கைக் கொடுத்தேன். சுவரில் கீறும்போது மணிக்கட்டு தானாகப் பின்னுக்கு மடியும், தோளும் வேலை செய்யும். துண்டுச் சோக்கை முஷ்டியால் பிடிக்க முடியாது, பெருவிரலும் பக்கத்து விரல்களும்தான் பிடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வட்டம் வந்தது. “ரொட்டி!” என்றான்.

பொதுவாக வட்டம் 3 வயதளவில் வரும், கூட்டல் குறி 4 அளவில், முக்கோணம் 5ஐ ஒட்டி. ‘அ’வில் சுழியும் வளைவும் நேர்கோடும் ஒன்றாக வருகின்றன. 4 வயதில் மணிக்கட்டின் சில எலும்புகள் இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கையிடம் இவ்வளவையும் கேட்கிறோம்.

ஒக்டோபர் 9, வியாழன்

வாசலில் அவன் அம்மா பிடித்துக்கொண்டார். “ஜனவரி 31க்குள்ள அஞ்சு முடியுது, தரம் ஒன்றுக்குப் போகப்போறான். மற்றப் பிள்ளைகள் உயிரெழுத்து முடிச்சிட்டினம், மிஸ்.” அவர் பயம் நியாயமானது. இருப்பது ஐந்தாம் மாடி ஃபிளாட், ஏறி விளையாட முற்றமில்லை. “ரொட்டிக்கு மா குழைக்கேக்க ஒரு உருண்டையை அவனிட்ட குடுங்கோ. உடுப்புக் கிளிப்பை அவனே கழற்றட்டும். ஞாயிறு காலிமுகத்திடலில பட்டம் விடுங்கோ, நூலை இரண்டு கையாலும் இழுக்கட்டும்” என்றேன். கொப்பியை மூடி வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு எழுத்து, அதுவும் அரிசியில் என்று ஒத்துக்கொண்டோம்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

கரையோர ரயில் கூவும்போதெல்லாம் ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். கடல் பக்க ஜன்னலிலிருந்து உள்சுவர் பக்கம் இடம் மாற்றினோம். அடம் என்று ஏசுவதை டீச்சர்மார் நிறுத்தினாலே பாதி வேலை முடியும்.

ஒக்டோபர் 17, வெள்ளி

சுவரின் கீழ்ப்பாதி முழுக்க டீச்சர் தானாகவே கடதாசி ஒட்டியிருந்தார்! பையன் அங்கே மழை கீறிக்கொண்டிருந்தான், மேலிருந்து கீழே, நீள நீளமாக. திங்கள் தீபாவளி. அதற்குப் பிறகு தச்சர் வந்து கதிரைக் கால்களை அறுப்பாராம். ஒவ்வொரு பிள்ளைக்கும் முழங்கால் மடிப்பிலிருந்து குதிக்கால் வரை அளந்து கொடுத்துவிட்டு வந்தேன்.