நைஸ்: அறியாமையில் பிறந்த ஒரு சொல்

எங்கள் தெரு மாவு மில்லில் அரிசியைக் கொண்டுபோய் வைத்தால் மில்காரர் முதலில் கேட்பது, "நைஸா அரைக்கணுமா, கொரகொரப்பா இருந்தாப் போதுமா?" என்பதைத்தான். அரைபட்டு விழும் மாவில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பார். நெருடினால் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்குவார். அவர் வாயில் இவ்வளவு கறாரான பொருளோடு வாழும் இந்தச் சொல், தன் சொந்த மொழியில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் பொருந்தி, எதையும் குறிப்பாகச் சொல்லாத நிலைக்கு வந்துவிட்டது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இதன் மூலம் 'நெஸ்கியுஸ்' என்ற லத்தீன் சொல். 'நெ' இன்மையையும் 'ஸ்கீரே' அறிதலையும் குறிப்பதால், அறியாதவன் என்பதே முதற்பொருள். 'சயின்ஸ்' என்ற சொல்லும் அதே 'ஸ்கீரே'யிலிருந்து கிளைத்ததுதான். அறிவும் அறியாமையும் ஒரே வேரில் பிறந்த உடன்பிறப்புகளாக இருப்பதை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. பழைய பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது 'நைஸ்' என்றால் மடத்தனமான என்று பொருள். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரும் அவ்வாறே எழுதியிருக்கிறார். பிறகு அது கூச்சமுள்ள, எதிலும் எளிதில் திருப்தி அடையாத என்றெல்லாம் மாறி, அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொன்றையும் நுணுகிப் பார்ப்பவர்கள் என்பதால் 'நுணுக்கமான' என்ற பொருளை அடைந்தது. 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று இன்றும் எழுதும்போது இனிய வேறுபாட்டை அல்ல, நுண்ணிய வேறுபாட்டையே சொல்கிறார்கள்.

'இனிமையான' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. 1817-இன் இறுதியில் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி' நாவலிலேயே, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லையே பயன்படுத்துவதை ஹென்றி டில்னி என்ற பாத்திரம் கிண்டல் செய்கிறது.

நம் 'நாற்றம்' இதற்கு நேர்மாறான வழியில் போனது. 'கருப்பூரம் நாறுமோ' என்று சங்கிடம் ஆண்டாள் கேட்டபோது நறுமணம் கமழ்ந்த அந்தச் சொல்லைச் சொன்னால், இன்று மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

தமிழுக்கு வந்த 'நைஸ்' இங்கே வேறு வேலையும் பார்க்கிறது. கூட்டத்திலிருந்து யாரும் அறியாமல் விலகுபவன் 'நைஸாக நழுவுகிறான்'. காரியம் ஆக வேண்டியவன் 'நைஸாகப் பேசுகிறான்'. இரண்டிலும் மாவின் அந்த நெருடாத தன்மையே இருப்பதாக எனக்குப் படுகிறது.

அம்மாவின் சமையல் நோட்டை வெளிநாட்டுத் தோழி ஒருவருக்காக ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, 'தேங்காயை நைஸாக அரைக்கவும்' என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. அப்படியே எழுதினால் அவருக்கு விளங்காது. ஆங்கிலத்திலிருந்து வந்த அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அதனிடத்தில் 'ஃபைன்' என்று எழுதினேன்.