பழைய லைக்கா தேடுகிறவர்களுக்கு

நுவரெலியா, ஹட்டன் பக்கம் ஜெர்மன் லைக்கா போன்ற பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கெமரா (இரண்டு உருவங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் வகை) விலைக்கு வந்தால் முதலில் லென்சுக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் ஓடியிருந்தால் பூஞ்சணம். நம்ம ஊர் ஈரத்துக்குத் தோல் உறையும் அலுமாரியும் அதற்கு நல்ல வசதி. "உறையிலிருந்து வெளியே எடுத்ததே இல்லை" என்று பெருமையாகச் சொன்னால் எனக்குப் பயம்தான் வரும். கண்ணாடியை அரித்துவிட்டால் துடைத்தாலும் போகாது, விலையும் விழும். அப்புறம், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் நடுவில் தெரியும் இரட்டை உருவம் மங்கியிருக்கக் கூடாது. 1954இல் வந்த லைக்கா எம்3க்கு இன்னும் மவுசு இருக்க அந்தத் தெளிவும் ஒரு காரணம். கறுப்புப் பெயின்ட் தேய்ந்து பித்தளை தெரிகிறதா? அதற்கென்றே கூடுதலாகக் கொடுக்கிறவர்கள் உண்டு! ஆனால் பொன் நிறத்தில் 'லைக்கா' மலிவாக வந்தால், அநேகமாக லைக்காவைப் பார்த்துச் செய்த சோவியத் கெமராவான ஃபெட் அல்லது சோர்க்கிதான். அதுவும் படம் எடுக்கும், சரி. லைக்கா விலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.