காக்னாஸ் ஃபோல்டர காப்பி பண்ணதுல 560 எப்படி 1680 ஆச்சுன்னு ரெண்டு நாள் தேடுன கதை

போன குவார்ட்டர் முடியுறப்போ லைசென்ஸ் ரிப்போர்ட் எடுத்து மேடம்கிட்ட குடுக்குற பொறுப்பு என்கிட்ட வந்துச்சு. எங்களுக்கு ஐபிஎம் காக்னாஸ் அனலிட்டிக்ஸ், அதாவது டேட்டாவ வச்சு ரிப்போர்ட் போடுற சாஃப்ட்வேர், ஓடுற சர்வர் ஒன்னே ஒன்னு தான், 8 கோர் விஎம் (ஒரு பெரிய மெஷினுக்குள்ள ஓடுற வர்ச்சுவல் மெஷின்). கோருக்கு 70 பிவியு (லைசென்ஸ அளக்குற யூனிட்) கணக்கு, ஆக 560, நாங்க வாங்கி வச்சிருக்கறதும் அதே 560. ரிப்போர்ட்ட திறந்தா 1680னு இருக்கு. எனக்கு கை நடுங்கிருச்சு, ஏன்னா அது அப்படியே ஆடிட்டுக்கு போற பேப்பர்.

பிவியுன்னா புராசஸர் வேல்யூ யூனிட். விஎம் ஓடுற நிஜ மெஷின் தான் ஹோஸ்ட், எங்களோடது மாதிரி ரெண்டு சாக்கெட் ஜியான் மெஷினுக்கு பொதுவா கோருக்கு 70 தான். விஎம்முக்கு குடுத்த கோருக்கு மட்டும் கணக்கு பாக்கணும்னா ஐஎல்எம்டி, அதாவது ஐபிஎம்மோட லைசென்ஸ் மெட்ரிக் டூல், ஓடிக்கிட்டே இருக்கணும், குவார்ட்டருக்கு ஒரு தடவையாவது ரிப்போர்ட் எடுத்து ரெண்டு வருஷம் பத்திரமா வைக்கணும். அது இல்லன்னா ஹோஸ்ட்ல இருக்குற மொத்த ஃபிசிக்கல் கோருக்கும் கட்டணும், எங்க ஹோஸ்ட்ல 32 கோர், அப்போ 2240. அதனால தான் அந்த டூல் என்ன சொல்லுதோ அத லேசா எடுத்துக்க முடியாது.

முதல்ல யாரோ விஎம்முக்கு கோர் ஏத்திட்டாங்கன்னு தான் நெனச்சேன், பாத்தா 8 அப்படியே இருக்கு. அப்புறம் ஒரு பேப்பர எடுத்து கழிச்சேன், 1680ல 560 போனா 1120, அத 70ஆல வகுத்தா 16. 16 கோர் மெஷின் எங்ககிட்ட எதுன்னு யோசிச்சா வேற ஹோஸ்ட்ல இருக்குற பேக்கப் சர்வர் தான்! டூல்ல அந்த மெஷின் பேர போட்டு தேடுனேன், காக்னாஸ்னு ஒரு வரி, பக்கத்துலயே அது எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு காட்டுற பாத், அதுல நம்ம பழைய 11.0 வெர்ஷனோட இன்ஸ்டலேஷன் ஃபோல்டர் பேர் அப்படியே இருக்கு.

பேக்கப் பாக்குற தம்பிய கூப்ட்டேன். "அண்ணா, 11.1க்கு அப்கிரேட் பண்ணோம்ல, பழைய வெர்ஷனுக்கே திரும்ப ரோல்பேக் வேணும்னா இருக்கட்டும்னு ஃபோல்டர அப்படியே காப்பி பண்ணி வச்சேன், அங்க சர்வீஸ் ஒன்னும் ஓடலையேண்ணா"ன்னான். அவன் சொன்னது சரி தான், சர்வீஸ் ஓடல, ஆனா ஸ்கேன் பண்றது சர்வீஸ இல்ல, ஃபைல.

அந்த ஃபைல் தான் ஸ்விட்டேக், சாஃப்ட்வேரோட அடையாள அட்டை மாதிரி. அவன பக்கத்துல உக்கார வச்சு விஐ எடிட்டர்ல திறந்து காட்டுனேன். சின்ன எக்ஸ்எம்எல் ஃபைல், ஒரு ஸ்க்ரீன்ல அடங்கிரும். சாஃப்ட்வேரோட பேர், வெர்ஷன், யார் தயாரிச்சதுங்கற இடத்துல ஐபிஎம் டாட் காம், கீழ பெர்சிஸ்டன்ட் ஐடின்னு நீளமா ஒரு எண்ணு. அவ்வளவு தான். ஐஎஸ்ஓ 19770-2ன்னு ஒரு ஸ்டாண்டர்டே இருக்கு இதுக்கு, 2009ல முதல்ல வந்து 2015ல திருத்துனாங்க. இதுல கோர் எத்தனைன்னும் இருக்காது யூசர் எத்தனைன்னும் இருக்காது, "இந்த சாஃப்ட்வேர் இங்க இருக்கு"ன்னு மட்டும் தான் சொல்லும். மெஷினுக்கு எத்தனை கோருன்னு டூலே தனியா 30 நிமிஷத்துக்கு ஒரு தடவ அளந்துக்கும், ரெண்டையும் சேத்து கணக்கு போட்டுரும், அந்த குவார்ட்டர்ல எது உச்சமோ அது ரிப்போர்ட்ல நிக்கும். ஃபோல்டர காப்பி பண்ணப்போ டேக்கும் கூடவே போயிருச்சு, அது போய் உக்காந்த இடம் 16 கோர் மெஷின்.

"அப்போ அந்த ஃபைல மட்டும் அழிச்சிரலாமாண்ணா?"ன்னு கேட்டான். வேணவே வேணாம்டான்னேன். நாளைக்கு ரோல்பேக் பண்ணி அந்த ஃபோல்டர திருப்பி கொண்டு வந்தா ப்ரொடக்ஷன்ல டேக் இல்லாம நிக்கும், உண்மையிலயே ஓடுற சாஃப்ட்வேர் கணக்குல வராது, அது இதவிட பெரிய தப்பு. அதோட டேக்ல கை வச்சா நம்ம குடுக்குற ரிப்போர்ட்ட எவன் நம்புவான்.

இப்போ இந்த காப்பி அங்க ஓடவே இல்லன்னு நிரூபிக்கணும், அங்க தான் இன்னொரு ஃபைல் கை குடுத்துச்சு. அதே ஃபோல்டருக்குள்ள எஸ்எல்எம்டேக்ஸ்னு ஒரு டைரக்டரி. ஸ்விட்டேக் மாதிரி சும்மா இருக்குற ஃபைல் இல்ல இது, சாஃப்ட்வேர் ஓடுறப்போ அதுவே எழுதிக்கிட்டு போறது, எந்த மெட்ரிக், எவ்வளவு, எந்த நேரத்துல இருந்து எந்த நேரம் வரைக்கும்னு ஒவ்வொரு பிளாக்கா. கடைசி பிளாக்குக்கு போய் முடிஞ்ச நேரத்த பாத்தேன், 18:10னு இருந்துச்சு, பின்னாடி இசட், அப்படின்னா யுடிசி, நம்ம டைம்ல ராத்திரி 11:40. அப்கிரேட் வேலைய பதிவு பண்ண சேஞ்ச் டிக்கெட்ட எடுத்து பாத்தா காக்னாஸ நிறுத்துனது அதே ராத்திரி 11:40ய ஒட்டி, காப்பி ஆரம்பிச்சது 12 மணிக்கு மேல. அதுக்கப்புறம் ஒரு வரி கூட சேரல. இன்ஸ்டன்ஸ் ஐடியும் பழைய சர்வரோட பாத் தான் காட்டுது. எனக்கு அப்போ தான் மூச்சே வந்துச்சு.

லைசென்ஸ் பாக்குற சார்கிட்ட எல்லாத்தையும் காட்டி அவர் ஒத்துக்கிட்ட அப்புறம் தான் டூல்ல கை வச்சேன். அந்த ஒரு இன்ஸ்டன்ஸ கணக்குல இருந்து விலக்குனேன், காரணம் கேக்கும், "ரோல்பேக்குக்கான காப்பி, இங்க கான்ஃபிகர் பண்ணல, ஸ்டார்ட் பண்ணல"ன்னு எழுதி டிக்கெட் நம்பரும் போட்டேன். அந்த காரணம் ரெக்கார்டுல நிக்கும், ஆடிட்டர் கேட்டா அத தான் காட்டுவோம். தம்பி அந்த ஃபோல்டர தார் பண்ணி ஒரே ஃபைலா வச்சுட்டு விரிஞ்சு கிடந்தத எடுத்துட்டான், எங்க ஸ்கேன் அந்த மாதிரி ஆர்க்கைவுக்குள்ள போய் பாக்கறதில்ல. மறுநாள் ஸ்கேன் டேட்டாவ டூல் இம்போர்ட் பண்ணி முடிஞ்சதும் ரிப்போர்ட்ட திரும்ப எடுத்தேன், 560.

இப்போ எங்க அப்கிரேட் செக்லிஸ்ட்ல பேக்கப் வரிக்கு கீழ ஒரு வரி சேத்திருக்கோம்: இன்ஸ்டலேஷன் ஃபோல்டர விரிச்சபடி வேற மெஷின்ல வைக்கக் கூடாது, தார் பண்ணி தான் அனுப்பணும். சேத்தது அந்த தம்பி தான்.