கிணற்றடித் தேக்கின் வரிகள்

11.08.2024
இணுவிலில் உறவினர் ஒருவர் வீட்டைப் பெருப்பிப்பதற்காகக் கிணற்றடித் தேக்கைத் தறித்தபோது, அடிமரத்தில் மூன்று அங்குலத் தடிப்பில் ஒரு வட்டைக் கேட்டு வாங்கிவந்தேன். அவருடைய தந்தையார் 1971இல் நட்ட கன்று அது. வயது தெரிந்த மரமாதலால், ஆண்டுக்கு ஒன்று என்று கொள்ளப்படும் வளர்ச்சி வரிகளை எண்ணிச் சரிபார்க்க வசதி. பனையில் இந்த வேலை நடவாது. ஆண்டுதோறும் சுற்றிவரப் புதிய மரத்தைப் படியவைக்கும் வளர்படை அதற்கு இல்லை. புறக்காழுடையதை (வெளிப்புறம் வைரமானதை) புல்லென்றும் அகக்காழுடையதை (உள்ளே வைரமானதை) மரமென்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்தது சும்மா அல்ல.

18.08.2024
80ஆம் இலக்கச் சான்ட்பேப்பரில் தொடங்கி 400 வரை தேய்த்ததில் தோள் வலி மிச்சம். ஆனால் உருப்பெருக்கியை வைத்ததும், மழையோடு வளர்ச்சி தொடங்கும்போது உருவாகும் பெருங்குழாய்கள் ஊசித்துளைகளாக வரிசைகட்டி நின்றன. ஒரு பக்கம் எண்ணினால் 61 வரி, எதிர்ப்பக்கம் 57. மரத்துக்கோ 53 வயதுதான்.

25.08.2024
தச்சு வேலை செய்யும் முதியவர் ஒருவர் பார்த்துவிட்டு, “மாஸ்ரர், உதைக் கோடு எண்டு சொல்லுங்கோ, வருசம் எண்டு சொல்லாதேங்கோ” என்றார். அவர் சொன்னதே சரி. சித்திரை மழையில் வளரத் தொடங்கிய மரம், சோளகம் எனும் தென்மேற்குக் காற்றின் வறட்சியில் அடங்கி, ஐப்பசியில் மாரி பிறந்ததும் மறுபடி தொடங்கினால் ஒரே ஆண்டில் இரண்டு கோடுகள் விழும். அத்தகைய பொய்வரி பெரும்பாலும் வட்டம் முழுவதும் சுற்றிவராது. விரலால் தொடர்ந்து போனபோது ஐந்து வரிகள் பாதிவழியில் மங்கின. அரிசோனாவில் வானியலாளர் டக்ளஸ் பல மரங்களின் வரிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் முறையை வகுத்ததும், ஒரு மரத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதனால்தான். தேக்கு அதற்கு ஒத்துவராத மரமல்ல: ஜாவாத் தேக்கில் 1514 வரை பின்னோக்கிச் சென்ற வரித்தொடரை ஒல்லாந்த வானிலையாளர் பெர்லாகே 1931இலேயே வெளியிட்டார்.

08.09.2024
அகலங்களை அளந்து முடித்தேன், ஏமாற்றம். வரட்சி ஆண்டோ வெள்ள ஆண்டோ, வரிகள் ஏறக்குறைய ஒரே அகலம். குளிக்கும் தண்ணீரைக் குடித்து வளர்ந்த மரத்துக்கு வானத்தைப் பற்றி என்ன கவலை? காலநிலையை ஆராய்பவர்கள் மழையை மட்டுமே நம்பி வாழும் காட்டு மரங்களைத் தேடிப்போய், ஒவ்வொன்றிலும் பென்சிலிலும் மெல்லிய இரண்டு மரக்குச்சிகளை, மரம் சாகாமல் துளைத்து எடுப்பதன் காரணம் இப்போது உறைக்கிறது. அங்கும் சிக்கல் உண்டு. வட துருவத்தை அண்டிய காடுகள் சிலவற்றில், வெப்பமான கோடையில் அகன்ற வரி என்ற பழைய பொருத்தம் 1960களுக்குப் பின் தளர்ந்துவிட்டது. வெப்பம் கூடியும் வரி அகலவில்லை. நீர்த்தட்டுப்பாடு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: மரம் வெப்பமானி அல்ல, காலநிலையோடு சேர்ந்து அதன் பதிலும் மாறுகிறது.

இனிக் கிணற்றுநீர் எட்டாத ஒழுங்கைத் தேக்கு ஒன்றில் அளவுநாடா கட்டிவைத்திருக்கிறேன்.

27.11.2024
விடாத மழை, ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம். நனைந்துகொண்டே நாடாவைப் பார்த்தேன். மூன்று மில்லிமீற்றர் கூடியிருக்கிறது. மரம் பருத்ததா, பட்டை நீரில் ஊறியதா என்பது ஈரம் காய்ந்து மாசியில் மறுபடி அளக்கும்போதுதான் தெரியும்.