உறையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மிசிசிப்பியிலிருந்து அகதெஸ் வரை

கடைசியில் வழி கிடைத்துவிட்டது. ப்ளாக் கீஸ் என்ற அமெரிக்க ராக் இரட்டையரின் ஒரே ஒரு ஆல்பத்தில் வாசித்தவர்கள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு கிளம்பி, வட மிசிசிப்பியின் ஹில் கன்ட்ரி ப்ளூஸுக்குள் நுழைந்து, அங்கிருந்து நைஜர் நாட்டின் அகதெஸ் நகரத்துக் கிட்டார்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறேன். இத்தனை வருடம் கேட்டதில் இவ்வளவு புது இசை ஒரே மூச்சில் கிடைத்ததில்லை. சந்தோஷம் தாங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

பரிந்துரைப் பட்டியல்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஹெண்ட்ரிக்ஸைப் போட்டால் ஸ்டீவி ரே வான் வருவார், அவரைப் போட்டால் கேரி மூர், அடுத்து ஜோ பொனமாசா, பிறகு மறுபடியும் ஹெண்ட்ரிக்ஸ். எல்லோரும் கிட்டார் ஜாம்பவான்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வட்டத்தை விட்டு வெளியே ஒரு அடிகூட வைக்க விடமாட்டேன் என்கிறது. ஒரே மாதிரி ஒலிப்பதை அடுக்குவது மட்டுமே அதற்குத் தெரிந்த வேலை. பாட்டை வாசித்தவர் யார், யாரிடம் கற்றார், எந்த அறையில் பதிவு செய்தார்கள் என்பதையெல்லாம் அது பொருட்படுத்துவதே இல்லை.

அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். பாடுபவரையும் லீட் கிட்டாரையும் விட்டுவிட வேண்டும். தயாரிப்பாளர், பேஸ், டிரம்ஸ், ஸ்டுடியோ, இந்த நான்கை மட்டும் நோட்டில் எழுத வேண்டும். அந்தப் பெயர்கள் வேறு எங்கெல்லாம் வருகின்றன என்று, ஆல்பங்களின் விவரங்களைத் தொகுக்கும் தளமான டிஸ்காக்ஸில் தேட வேண்டும். லீட் கிட்டார்காரரைத் தொடர்ந்தால் அவருடைய சொந்த ஆல்பங்களோடு பாதை முடிந்துவிடும். பேஸ் வாசிப்பவர் அப்படியில்லை, பத்து வீட்டுக்குப் போய் வருகிறவர்.

முதலில் எடுத்தது ‘டெல்டா க்ரீம்’, 2021-இல் வந்தது. ப்ளாக் கீஸின் டான் ஆர்பாக், பேட்ரிக் கார்னி இருவரும் நாஷ்வில்லில் ஆர்பாக்கின் சொந்த ஸ்டுடியோவான ஈஸி ஐ சவுண்டில், இரண்டே நாளில் முடித்த ஆல்பம். எல்லாமே பிறர் பாட்டுகள். கூட வாசித்தவர்களில் இரண்டு பேரைக் குறித்துக்கொண்டேன். பேஸ் எரிக் டீட்டன், இன்னொரு கிட்டார் கென்னி பிரவுன். டீட்டன், ஹில் கன்ட்ரிக் கலைஞரான ஜூனியர் கிம்ப்ரோவோடு வாசித்தவர். பிரவுன் அதே வட்டாரத்து ஆர். எல். பர்ன்சைடுக்குப் பல வருடம் பக்கவாத்தியமாக இருந்தவர், சிறுவனாக இருந்தபோது பக்கத்து வீட்டு ஜோ காலிகாட்டிடம் கிட்டார் கற்றவர். இரண்டு பெயரிலிருந்து மூன்று கதவுகள்!

கிம்ப்ரோவின் ‘ஆல் நைட் லாங்’ 1992-இல் வந்தபோது அவருக்கு 62 வயது. மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் அப்போதுதான் தொடங்கியிருந்த ஃபேட் பாஸம் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது. தயாரிப்பாளர் ராபர்ட் பால்மர், இசை விமர்சகர். (‘அடிக்டட் டு லவ்’ பாடிய பால்மர் வேறு ஆள், டிஸ்காக்ஸில் தேடும்போது கவனம்.) சுலஹோமாவில் கிம்ப்ரோவே நடத்திவந்த ஜூக் ஜாயின்ட்டில் வைத்துப் பதிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஊரே கூடி ஆடும் இடம். அவர் 1998-இல் இறந்தார், 2000-இல் அந்த இடமும் எரிந்துபோனது. அந்த அறை எப்படி ஒலித்தது என்று தெரிய வேண்டுமானால் இனி இந்தப் பதிவுகள்தான் கதி.

இங்கேதான் வண்டி நின்றது. நீண்ட நாள் நின்றது.

சிகாகோ ப்ளூஸில் வளர்ந்த காது, பாட்டின் முதல் கார்டிலிருந்து (chord, ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) நான்காவது கார்டுக்கு மாறுவதற்காக எப்போதும் காத்திருக்கும். கிம்ப்ரோவிடம் அது வராது. ஏழெட்டு நிமிடம் ஒரே கார்டு. கட்டைவிரல் கீழ் ஸ்ட்ரிங்கில் ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் மேலே ஒரு சின்ன வரியைத் திருப்பித் திருப்பி வாசிக்கும், குரலும் அதே வரியோடு இழைந்து போகும். போன் ஸ்பீக்கரில் கேட்டால் அந்தக் கீழ்ச் சுரம் சுத்தமாகக் காணாமல் போகிறது, மிஞ்சுவது முனகல் மட்டுமே. நல்ல ஹெட்போனில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டபோதுதான் பிடிபட்டது. தம்புரா சுருதி போல அந்தச் சுரம் பின்னால் நிற்கிறது, மற்றதெல்லாம் அதன்மேல் நடக்கிறது. அதன் பிறகு கார்டு மாறவில்லையே என்ற எண்ணமே எழவில்லை.

பர்ன்சைட் இதைவிடக் கடினம். கார்டு மாறுவது உண்டு, ஆனால் எப்போது மாறும் என்பது அவர் இஷ்டம். பாடிய வரிக்குப் பிறகு எத்தனை அடி விடுவார் என்பது ஒவ்வொரு முறையும் வேறு. கூடவே வாசித்தால் புரியும் என்று கிட்டாரை ஓபன் ஜி-க்கு (விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி கார்டு வரும் ட்யூனிங்) மாற்றினேன். ஆறாவது ஸ்ட்ரிங் டி-க்கு, ஐந்தாவது ஜி-க்கு, முதலாவது டி-க்கு. ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன வரி) கையில் வந்துவிட்டது. ஆனால் எண்ணி வாசித்தால் ஒவ்வொரு சுற்றிலும் அவர் ஒரு இடத்தில் இருப்பார், நான் வேறு இடத்தில். மெட்ரோனோமைத் தொட்டதும் நிலைமை இன்னும் மோசம்.

முடிச்சை அவிழ்த்தது டிரம்மர். ‘பர்ன்சைட் ஆன் பர்ன்சைட்’ என்ற 2001 மேடைப் பதிவில் பேஸே கிடையாது. பர்ன்சைட், கென்னி பிரவுன், டிரம்ஸில் பேரன் செட்ரிக் பர்ன்சைட், மூன்றே பேர். செட்ரிக் சிறுவனாக இருக்கும்போதே தாத்தாவோடு ஊர் ஊராக வாசிக்கப் போனவர். கிட்டாரை மறந்துவிட்டு அவருடைய பேஸ் டிரம்மை மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் எண்ணுவதே இல்லை. தாத்தா குரல் வரியை முடிக்கும் வரை ஓட்டத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கிட்டார் திரும்பும் அதே நொடியில் ஸ்னேரை இறக்குகிறார். எங்கே திரும்புவது என்பதைக் குரலிலிருந்து எடுக்கிறார். நானும் காலால் தட்டுவதை நிறுத்திவிட்டு வாயால் வரிகளை முணுமுணுத்துக்கொண்டே வாசித்தேன். சேர்ந்துகொண்டது! ஒரு பாட்டு முழுக்க அவரோடு போய்விட்டேன், அடுத்த பாட்டில் இன்னும் நடுவில் ஒரு இடம் இடறுகிறது. செட்ரிக் இப்போது தன் பெயரிலேயே பாடுகிறார், ‘ஐ பி ட்ரையிங்’ ஆல்பத்துக்கு 2022-இல் கிராமி வாங்கினார். இன்றைய ப்ளூஸில் என்ன கேட்கலாம் என்று யாராவது கேட்டால் முதலில் இவரைத்தான் சொல்வேன்.

இந்த வட்டாரத்துக்கு முன்னோடி மிசிசிப்பி ஃப்ரெட் மெக்டவல். 1959-இல் நாட்டுப்புற இசையைத் தேடிப் பதிவு செய்துவந்த ஆலன் லோமாக்ஸ், கோமோ என்ற ஊரில் அவரைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தார். பகலெல்லாம் வயலில் வேலை, ராத்திரி கிட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் வழியாக அவருடைய ஸ்லைடை (ஸ்ட்ரிங்மேல் குழாயைச் சறுக்கி வாசிப்பது) பாதி உலகம் கேட்டிருக்கிறது, ஆனால் அசலைக் கேட்டால் ஸ்டோன்ஸ் வடிவம் எனக்கு ரொம்ப மெதுவாகத் தெரிகிறது.

இனி தயாரிப்பாளர் வரிசை. நோட்டில் ‘ஆர்பாக்’ என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தேன். அவர் தயாரித்தவற்றைத் தேடியதில் ஒரு பக்கம் ஜிம்மி டக் ஹோம்ஸ் வந்தார். மிசிசிப்பியின் பென்டோனியாவில் 1948-இல் பெற்றோர் திறந்த ப்ளூ ஃப்ரன்ட் கஃபேயை இன்றும் நடத்துபவர், ஸ்கிப் ஜேம்ஸ் வாசித்த அந்த மைனர் ட்யூனிங் பாணியின் வாரிசு. அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன், ஒரு பத்தியில் அடங்காது. இன்னொரு பக்கம் நான் எதிர்பார்க்கவே இல்லாத பெயர். பாம்பினோ, ‘நோமாட்’, 2013. சஹாராவின் நாடோடி மக்களான துவாரெக் இனத்தைச் சேர்ந்த நைஜர் கிட்டார்காரர், பதிவு செய்ததோ நாஷ்வில்லில்.

கிம்ப்ரோவைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இசை உடனே பிடித்துவிடுகிறது. இங்கும் கார்டு மாற்றம் குறைவு, கீழ்ச் சுரம் நிற்கிறது, ரிஃப் சுற்றுகிறது. தாளம்தான் வேறு, முன்னால் சாய்ந்தே நடக்கும். கிம்ப்ரோவைக் கேட்டு வளர்ந்த ஆர்பாக்குக்கு இதில் என்ன பிடித்திருக்கும் என்று கேட்டவுடனே தெரிகிறது.

பாம்பினோவிடமிருந்து எம்டூ மொக்தார். இடது கைக்காரர், பிளெக்ட்ரம் இல்லாமல் விரலாலேயே வாசிப்பவர், முதல் கிட்டாருக்கு சைக்கிள் கேபிளை ஸ்ட்ரிங்காகக் கட்டியவர். 2008-இல் பதிவு செய்த அவர் பாட்டுகள் செல்போன் மெமரி கார்டு மூலமாகவும் ப்ளூடூத்திலும் கை மாறித்தான் சஹாரா முழுக்கப் பரவின. போர்ட்லாண்டில் இருக்கும் சாஹேல் சவுண்ட்ஸ் என்ற நிறுவனம் அப்படி போன்களில் சுற்றிய பாட்டுகளைத் தேடிப் பிடித்து, பாடியவர்களையும் கண்டுபிடித்துத் தொகுப்பாக வெளியிட்டது. மொக்தாரின் ‘அஃப்ரிக் விக்டிம்’ (2021) தலைப்புப் பாட்டில் கடைசி இரண்டு நிமிடம் வேகம் ஏறிக்கொண்டே போகும். கிட்டார் சோலோ செத்துப்போய்விட்டது என்று யார் சொன்னாலும் அதைப் போட்டுக் காட்டுங்கள்.

சாஹேல் சவுண்ட்ஸில் எட்ரான் த லைர் என்ற அகதெஸ் கல்யாண இசைக்குழுவும் இருக்கிறது. 2018-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தை வீட்டு வாசலிலேயே வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கிட்டார்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டு போகும், எது லீட் என்று பிரிக்கவே முடியாது. இப்போது தினமும் ஓடுவது இதுதான்.

வாங்குபவர்களுக்கு ஒரு தகவல். சாஹேல் சவுண்ட்ஸ் வெளியீடுகள் பேண்ட்கேம்ப்பில் கிடைக்கின்றன. அந்தத் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளாத வெள்ளிக்கிழமைகள் அவ்வப்போது வரும், அன்றைக்கு வாங்கினால் காசு அதிகமாகக் கலைஞருக்குப் போய்ச் சேரும். எல்பியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து தட்டின் விலையைத் தாண்டிவிடுகின்றன. போன முறை ஒரு விற்பனையாளர் வெறும் அட்டைக்குள் வைத்து அனுப்பினார், உறையின் மூலை நசுங்கி, தட்டும் வளைந்து வந்தது. எனக்கு இப்போதைக்கு டிஜிட்டல் போதும். ஆனால் வாங்கும்போது கூடவே உறைக் குறிப்பு பிடிஎஃப் தருகிறார்களா என்று பாருங்கள், நமக்கு வேண்டியதே அதுதான்.

அடுத்து ஜஸ்டின் ஆடம்ஸ். லெட் செப்லின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்குக் கிட்டார் வாசித்தவர், மாலியின் துவாரெக் குழுவான டினாரிவெனின் ‘ரேடியோ டிஸ்டாஸ் செஷன்ஸ்’ (2001), ‘அமான் இமான்’ (2007) இரண்டிலும் தயாரிப்பாளர். லெட் செப்லினிலிருந்து கிளம்பி அதே சஹாராவுக்கு வேறு பக்கத்திலிருந்து ஒரு பாதை போகிறது என்றுதான் அர்த்தம். அவர் பெயர் வரும் ஆல்பங்களை நோட்டில் எழுதத் தொடங்கியாயிற்று, பக்கம் பாதி நிறைந்துவிட்டது. மிசிசிப்பி பக்கம் ஓத்தா டர்னரின் புல்லாங்குழல்-டிரம் இசை பாக்கி நிற்கிறது. கிட்டாரே இல்லாத இசை, ஆனால் ஹில் கன்ட்ரி தாளத்தின் வேரை அங்கேதான் தேட வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்குப் போவதற்கு முன் பர்ன்சைடின் அந்த இரண்டாவது பாட்டை முடித்தாக வேண்டும். ஓபன் ஜி-யிலிருந்து கிட்டாரை இன்னும் மாற்றவில்லை.